மதுரையில் சைக்கிள் தடம்: பெயிண்ட் டப்பாவைக் கடைசியில் திறவுங்கள்

கேள்வி இதுதான்: "மதுரை மாதிரி நெருக்கடியான ஊரில் ரோட்டோரம் பச்சைக் கோடு போட்டு 'சைக்கிள் தடம்' என்றால், ரெண்டே மாதத்தில் அது பைக் ஸ்டாண்டு ஆகிவிடுகிறது. நிஜமாகவே ஜனங்கள் சைக்கிள் ஓட்ட என்ன செய்ய வேண்டும்? ரோடே அகலமில்லையே. எங்கள் வார்டில் எதிலிருந்து ஆரம்பிப்பது?"

கோடு தோற்றதற்கு ஜனங்களின் ஒழுக்கத்தைக் குறை சொல்வது சுலபம். ஆனால் தப்பு கோடு போட்ட இடத்தில் இருக்கிறது. மதுரையில் ரோட்டோரம் என்பது சும்மா கிடக்கிற இடமா? ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றுவது அங்கே, கடைக்குச் சரக்கு இறக்குவது அங்கே, இளநீர் வண்டி நிற்பது அங்கே, பைக் நிறுத்துவதும் அங்கேதான். நாலு குடித்தனம் இருக்கிற வீட்டுக்குள் ஐந்தாவதாக ஒருவருக்குக் கோடு கிழித்துக் கொடுத்தால் அவர் எத்தனை நாள் தங்குவார்? அந்த நாலு பேருக்கும் முதலில் இடம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பெயிண்ட்.

இன்னொன்று. சைக்கிள்காரருக்குத் தடத்தின் நீளம் பொருட்டே இல்லை. ஐந்து கிலோமீட்டர் நல்ல ரோட்டுக்கு நடுவே நூறு மீட்டர் பயமான இடம் இருந்தால், பிள்ளையை அந்த வழியாக அனுப்ப எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டார். மதுரையில் அந்த நூறு மீட்டர் எங்கே வருகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் மூன்றே வகை: வைகைப் பாலத்தின் இரு முனைகள், ரயில் பாதையைக் கடக்கும் இடங்கள், கோரிப்பாளையம், காளவாசல் மாதிரியான பெரிய சந்திப்புகள். அவற்றைத் தொடாமல் நடுவில் போடும் தடமெல்லாம் திறப்பு விழாப் போட்டோவுக்குத்தான் ஆகும்.

அதனால் முதல் வேலை எண்ணுவது. இந்த ஊரில் சைக்கிள் ஒன்றும் செத்துப்போகவில்லை. விடிகாலையில் பால், பேப்பர் போடுகிறவர்கள், டீ கேனைக் கேரியரில் கட்டிக்கொண்டு போகிறவர், சட்டியும் மண்வெட்டியுமாகக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள், அப்புறம் அரசு தருகிற விலையில்லா சைக்கிளில் பிளஸ் 1, பிளஸ் 2 பிள்ளைகள். எட்டரை மணிக்கு மேல் போய் நின்றுகொண்டு "சைக்கிளே இல்லை" என்று எழுதினால் பாதிப் பேர் ஏற்கெனவே வேலைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். காலை 6 முதல் 9.30, மாலை 4 முதல் 7. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாள். முகூர்த்த நாள், திருவிழா நாள் வேண்டாம். ஒரு திசைக்கு ஒரு ஆள், 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம். நிரல்கள் நாலு போதும்: யூனிபார்ம் பிள்ளைகள், பெண்கள், சுமையோடு போகிறவர்கள், மற்றவர்கள். கடைசியில் ஐந்தாவதாக ஒரு நிரல் கட்டாயம் வேண்டும்: எதிர்த்திசையில் வருகிறவர்கள்.

அந்த ஐந்தாவது நிரலில்தான் விஷயம் இருக்கிறது. எதிரே வருகிறவரை எல்லாரும் திட்டுவார்கள். ஆனால் ஒரே இடத்தில் மணிக்கு நாற்பது பேர் எதிர்த்திசையில் வருகிறார்கள் என்றால், மீடியனைத் தாண்ட அங்கே வழி இல்லை, சுற்றிப் போனால் தூரம் அதிகம் என்று அர்த்தம். கால் போட்டு மிதிக்கிறவன் சுற்ற மாட்டான். ரோட்டை உடைத்து வழி விட வேண்டிய இடத்தை அவர்களே காட்டிக்கொடுக்கிறார்கள்.

எண்ண வேண்டிய இடம் வைகைப் பாலங்கள்தான்: ஏ.வி. பாலம், யானைக்கல், ஓபுளா படித்துறை, குருவிக்காரன் சாலை மாதிரி. வடகரைக்கும் தென்கரைக்கும் போகிற எல்லாரும் ஏதாவது ஒரு பாலத்தில் சிக்கியே ஆக வேண்டும். மேற்கே ரயில் பாதையைக் கடக்கும் பாலங்களும் அப்படித்தான். சல்லடையின் கண்ணைக் காவல் காத்தால் மாவு முழுக்க உங்கள் கணக்கில் வந்துவிடும்.

அடுத்து வரைபடம். இங்கேதான் "ரோடு அகலமில்லை" என்ற பேச்சு எழும். எல்லா ரோட்டிலும் தனித் தடம் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வண்டி வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்குள் இருக்கிற தெருவில் சைக்கிள் எல்லாரோடும் சேர்ந்தே போகலாம். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 30-ல் வருகிற வண்டியைவிட 50-ல் வருகிற அதே வண்டி ஏறக்குறைய 2.8 மடங்கு பலமாக இடிக்கும். ஆகவே இரண்டே வகை வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் குறைக்க முடிகிற தெருவில் குறையுங்கள், தடம் வேண்டாம். குறைக்க முடியாத ரோட்டில் பிரியுங்கள், வெறும் கோடு போதாது.

கோயிலைச் சுற்றிய பகுதி முதல் வகை. சித்திரை வீதிகளில் ஏற்கெனவே வண்டி இல்லை. அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக ஊரே ஒரு வலைப்பின்னலாகத்தான் இருக்கிறது. அந்த வெளி வீதிகளே 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில் வந்தவைதான். அந்த வேலையில் இருந்த மாரட், பெருமாள் மேஸ்திரி பெயரில் இன்றும் தெருக்கள் இருக்கின்றன. ரோட்டை மாற்றவே முடியாது என்கிறவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

இந்தப் பகுதியில் சைக்கிளுக்குப் பெரிய எதிரி ஒருவழிப் பாதை. காருக்கு அது சின்னச் சுற்று. சைக்கிளுக்குக் கால் வலி. இதற்குச் செலவே இல்லாத மருந்து: "ஒருவழி, சைக்கிள் நீங்கலாக" என்று அறிவித்து, எதிர்த்திசை சைக்கிளுக்கு அதன் இடது கை ஓரமாக 1.5 முதல் 2 மீட்டர் விடுவது. எதிரே வருகிறவரும் டிரைவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வருவதால், வேகம் குறைவான தெருவில் இது நினைக்கிற அளவுக்கு ஆபத்தானதல்ல. ஒரே நிபந்தனை: அந்தப் பக்கம் வண்டி நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சைக்கிள்காரர் நடு ரோட்டுக்கு வந்து நேருக்கு நேர் நிற்பார்.

அகலக் கணக்கை ஒரு தடவை போட்டே பார்த்துவிடலாம். சுவரிலிருந்து சுவர் 12 மீட்டர் உள்ள ரோடு. இருபுறமும் 1.8 மீட்டர் நடைபாதை, 3.6 போயிற்று. மீதி 8.4. இருவழிப் போக்குவரத்துக்கு மூன்று மூன்றாக 6 மீட்டர் கொடுத்தால் மிச்சம் 2.4. அதில் இரண்டு பக்கமும் தடம் வராது. அதையே வண்டிகளுக்கு ஒருவழியாக்கி 3.5 மீட்டர் மட்டும் கொடுங்கள். மிச்சம் 4.9. பக்கத்துக்கு 2 மீட்டர் தடம், 0.45 மீட்டர் தடுப்பு. கச்சிதமாக உட்காரும். இந்தக் கணக்கில் பார்க்கிங் எங்கே என்று கேட்பீர்கள். கிடையாது. அதுதான் உண்மையான சண்டை; அகலச் சண்டை என்ற பெயரில் நடப்பது பார்க்கிங் சண்டைதான். குறுக்குத் தெரு ஒன்றில் கட்டண நிறுத்தம் கொடுத்துவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும். வரிசை மாறினால் கடைக்காரர்கள் மறியலுக்கு வந்துவிடுவார்கள், அதில் நியாயமும் இருக்கும்.

தடத்துக்கு ஏன் 2 மீட்டர்? ஹேண்டில்பார் சுமார் 60 சென்டிமீட்டர், ஆடி ஆடி மிதிக்க இருபுறமும் இருபது இருபது, ஆக ஒரு ஆளுக்கு 1 மீட்டர். ஒருவரை ஒருவர் முந்த 2 மீட்டர். இருவழித் தடம் என்றால் 3 மீட்டருக்குக் குறையவே கூடாது. இருபக்கமும் கேன் தொங்கவிட்டு வருகிறவரையும், தண்ணீர் கேன் ஏற்றிய டிரைசைக்கிளையும் மனதில் வைத்து வரையுங்கள். ஒன்றரை மீட்டரில் போட்ட தடத்தில் டிரைசைக்கிள் ஒன்று ஏறினால் பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் ரோட்டில் இறங்கிவிடுவார்கள்.

மாசி வீதிகளுக்குத் தனிக் கணக்கு. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி சுந்தரேசுவரர் தேர் வருவது அந்த வீதிகளில். வெளியூர் ஆலோசகர் வரைந்து தரும் படத்தில் மீடியனும், ஊன்றிய கம்பமும், உயர்த்திய தடமும் இருக்கும்; சித்திரை மாதம் வந்தால் எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டியிருக்கும். பெயர்த்ததைத் திரும்ப நடுவது நடக்காது. அங்கே ரோட்டை ஒரே மட்டமாக விட்டு, கழற்றி மாட்டும் கம்பம் வைப்பதுதான் சரி: தரைக்குள் 400 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குழாய் உறை, மேலே மூடி, கம்பத்தைத் தூக்கினால் மூடி தரையோடு தரையாக உட்கார வேண்டும். உறையின் அடியில் தண்ணீர் வடிய ஜல்லி போடாவிட்டால் ஒரு மழையில் சேறு அடைத்து, அடுத்த வருடம் கம்பம் இறங்காது. அழகர் வரும் வழியில் மண்டகப்படிப் பந்தல்களுக்கும் இதே உறையைப் பந்தக்காலுக்கு வைத்துவிடலாம். பந்தலுக்காகக் கடப்பாரையால் குத்திய குழியே எத்தனையோ நல்ல ரோட்டுக்கு முதல் ஓட்டை.

இரண்டாவது வகை, பிரிக்க வேண்டிய பெரிய ரோடுகள். இங்கே நத்தம் ரோட்டைச் சொல்ல வேண்டும். 2023-ல் திறந்த 7.3 கிலோமீட்டர் பறக்கும் பாலத்தில் தூரம் போகிற வண்டி மேலே போய்விட்டது. கீழே மிஞ்சியது உள்ளூர் ரோடு. கீழேயும் பழைய அகலத்தை அப்படியே வண்டிக்கு விட்டுவைப்பதைவிட, தூண் வரிசையை ஒட்டியோ ஓரத்திலோ சைக்கிளுக்கு எடுத்துக்கொள்ள இதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை. இரண்டில் ஓரமே மேல். தூண் பக்கம் போட்டால் நிழல் கிடைக்கும், ஆனால் கடைக்கும் வீட்டுக்கும் போக ஒவ்வொரு தடவையும் ரோட்டைத் தாண்ட வேண்டும்.

இப்போது சந்திப்பு. விபத்து நடப்பது தடத்தில் அல்ல, தடம் முடிகிற மூலையில். வழக்கமான காட்சி: நேராகப் போகிற சைக்கிளை முந்திவந்த பஸ், அதே வேகத்தில் இடப்பக்கம் திரும்பும். பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்ளே வாங்கும். ஓரத்தில் நிற்கிறவர் அதற்குள் மாட்டுவார். இதை போர்டு வைத்துத் தடுக்க முடியாது. கான்கிரீட்டில்தான் தடுக்க வேண்டும். மூலைக் கல்லின் வளைவு ஆரத்தை 10, 12 மீட்டரிலிருந்து 4, 5 மீட்டராகக் குறைத்தால் வண்டி கிட்டத்தட்ட நின்று திரும்பும். பஸ் திரும்பும் மூலை என்றால் மேலே ஏறிப் போகக்கூடிய தாழ்வான கல் பட்டை வைத்து ஆரத்தைக் குறைக்கலாம். சைக்கிள் கடக்கும் இடத்தை மூலையிலிருந்து ஒரு கார் நீளம், சுமார் 5 மீட்டர், உள்ளே தள்ளுங்கள். திரும்பிய வண்டி அங்கே நேராக நின்று, சைக்கிளைக் கண்ணாடியில் தேடாமல் கண் முன்னால் பார்க்கும். சின்னத் தெரு வந்து சேரும் இடங்களில் தடத்தை இறக்காமல் தெருவை உயர்த்துங்கள்: 100 முதல் 150 மில்லிமீட்டர் உயரம், ஒரு பங்கு உயரத்துக்குப் பத்துப் பங்கு நீளச் சரிவு. வலப்பக்கம் திரும்ப வேண்டிய சைக்கிள், நடு ரோட்டுக்குப் போய் நிற்காமல், நேராகத் தாண்டி எதிர்மூலையில் 2க்கு 3 மீட்டர் கட்டத்தில் நின்று அடுத்த பச்சைக்குப் போகலாம். சிக்னலில் சைக்கிளுக்கு 5 விநாடி முன்னால் பச்சை விட்டால் பாதி பயம் தீரும்.

பைக் நுழைவதைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும். தடத்தின் வாயில் ஊன்றும் கம்பங்களுக்கு நடுவே 1.5 மீட்டர் விட்டால் ஆட்டோவே நுழையும். அதன் அகலம் 1.3 மீட்டர்தான். 1.2 மீட்டர் விட்டால் கார், ஆட்டோ நிற்கும், சக்கர நாற்காலியும் டிரைசைக்கிளும் போகும். பைக்கும் போகும். பைக்கை நிறுத்த இடைவெளியைக் குறுக்கினால் முதலில் மாட்டுவது சக்கர நாற்காலிக்காரர். கம்பத்தால் இதற்குத் தீர்வு இல்லை. பைக் ஏன் நுழைகிறது என்று பாருங்கள்: மெயின் ரோடு நிற்கும்போது தடம் குறுக்குவழியாகிறது. ஒவ்வொரு சந்திப்பிலும் தடம் உயர்ந்து, சற்று வளைந்து, சைக்கிள் வேகத்துக்கு மட்டும் தோதாக இருந்தால் பைக்குக்கு அதில் லாபம் குறையும். மீதி, காலை மாலை இரண்டு மணி நேரம் போலீஸ் நிற்க வேண்டிய வேலை. நடைபாதையிலும் சைக்கிள் தடத்திலும் மோட்டார் வண்டி ஓட்டக் கூடாது என்பது மத்திய விதிகளிலேயே உள்ளது. புதுச் சட்டம் தேவையில்லை.

பஸ் ஸ்டாப்பில் தடம் நிழற்குடைக்குப் பின்னால் போக வேண்டும், முன்னால் அல்ல. நடுவில் ஏறி இறங்க 2.5 மீட்டர் திட்டு. அதே திட்டை ஷேர் ஆட்டோவுக்கும் சேர்த்து நீளமாகக் கட்டிவிடுங்கள். அவர்களுக்கு நிற்க இடம் கொடுக்காத எந்தத் திட்டமும் மதுரையில் ஒரு வாரம் தாங்காது.

தரை விஷயத்தில் பேவர் பிளாக் வேண்டாம். வழவழவென்று இருக்கும் என்று போடுகிறார்கள். அடியில் மணல் கழன்றதும் அலை அலையாக உட்கார்ந்துவிடும். வீட்டுக்குள் கார் ஏறும் இடத்தில் முதலில் உடையும். கான்கிரீட்டோ தாரோ போதும். மழைநீர் வடிகால் கிராதியில் கம்பிகள் ரோட்டுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். ரோட்டின் போக்கிலேயே இருந்து, இடைவெளி 25 மில்லிமீட்டரைத் தாண்டினால் கியர் சைக்கிளின் மெல்லிய டயர் அப்படியே இறங்கி ஆளைக் குப்புறத் தள்ளும். பாதாளச் சாக்கடை மூடி ரோட்டோடு மட்டமாக இருக்கிறதா என்று பில் பாஸாகும் முன் ஒரு மீட்டர் பட்டையை வைத்துப் பாருங்கள். வேகத்தடை இந்திய சாலைக் கழக அளவில் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். சைக்கிள் அதில் படகு மாதிரி ஏறி இறங்கும். தெருவாசிகளே போட்டுக்கொள்ளும் ஒரு முழ அகல மேடு டீ கேன்காரரின் இடுப்பை உடைப்பதற்கு. குடிநீர்க் குழாய், கேஸ் குழாய் வேலை பாக்கி இருக்கிற ரோட்டைத் தொடவே வேண்டாம். நல்ல தடத்தைத் தோண்டி மூடிய பள்ளத்தைவிட, பழைய ரோடே மேல்.

நிழல் இல்லாமல் மே மாதம் யாரும் மிதிக்க மாட்டார்கள். வடக்கு தெற்கு ரோட்டில் மரத்தைத் தடத்துக்கு மேற்கே வையுங்கள். நாலு மணி வெயில் மேற்கிலிருந்து சாயும்போது நிழல் தடத்தில் விழும், பள்ளி விடுகிற நேரமும் அதுதான். கிழக்கு மேற்கு ரோட்டில் ஒரு வரிசை மரம் போதாது, வெயில் ரோட்டின் போக்கிலேயே வருகிறது. இருபக்கமும் நட்டு மேலே கிளை கூட வேண்டும். புங்கன், வேம்பு, 6 முதல் 8 மீட்டருக்கு ஒன்று. மரத்துக்கு மரம் உள்ள இடைவெளியைத் தள்ளுவண்டிக்காரர்களுக்குக் குறித்துக் கொடுத்தால் அவர்கள் தடத்துக்குள் வர வேண்டியிருக்காது.

வைகைக் கரைச் சாலைகளைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். காற்றோட்டமாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு பாலத்திலும் மேலே ஏற, சைக்கிளைத் தள்ளிக்கொண்டாவது போகச் சரிவு வேண்டும். விளக்கும் ஆள் நடமாட்டமும் இல்லாத கரையை ஆறு மணிக்கு மேல் பெண்கள் உபயோகிக்க மாட்டார்கள். அதை மட்டும் நம்பி வலைப்பின்னல் கட்டாதீர்கள்.

வெயில் ஊரிலும் இது நடக்குமா என்பதற்கு ஸ்பெயினின் செவில்லே பதில். அங்கேயும் கோடையில் 40 டிகிரி சாதாரணம். 2006 முதல் சில ஆண்டுகளுக்குள் 120 கிலோமீட்டர் அளவுக்கு ஒன்றோடொன்று சேர்கிற மாதிரி ஒரே மூச்சில் போட்டார்கள். துண்டு துண்டாக வருடத்துக்கு ஒரு கிலோமீட்டர் போட்டிருந்தால் யாரும் ஏறியிருக்க மாட்டார்கள். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1974 முதல் ஞாயிறுதோறும் ரோட்டை மூடி மக்களுக்கு விடுகிறார்கள். நம் ஊரிலும் அந்த மாதிரி விழாக்களுக்குக் கூட்டம் வரும். நல்லதுதான். ஆனால் திங்கட்கிழமை காலை அதே ரோடு பழையபடி இருந்தால், ஞாயிறு மிதித்த குழந்தை திங்கள் பைக்கின் பின்னால்தான் பள்ளிக்குப் போகும்.

வார்டில் எதிலிருந்து என்று கேட்டீர்கள். ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள், அதைச் சுற்றி 2 கிலோமீட்டர். முதல் வாரம் பிள்ளைகளிடம் வீட்டிலிருந்து வரும் வழியைக் காகிதத்தில் வரையச் சொல்லி, பயமான இடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். புள்ளிகள் நாலைந்து இடத்தில்தான் குவியும். அந்த இடத்தில் எண்ணிக்கை எடுங்கள். பிறகு மணல் மூட்டையும் கோனும் வைத்து இரண்டு வாரச் சோதனை. 3 மீட்டருக்கு ஒன்று என்றால் 100 மீட்டருக்கு 34 கோன். சோதனையில் லாரி திரும்ப முடியவில்லை என்று தெரிந்தால் கோனை நகர்த்தலாம். கான்கிரீட்டை நகர்த்த முடியாது. ரோடு யாருடையது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்: மாநகராட்சியா, நெடுஞ்சாலைத் துறையா. ஒருவழி, வேகம் இரண்டுக்கும் போக்குவரத்துக் காவல்துறையின் சம்மதம் வேண்டும். எண்ணிக்கைத் தாளையும் போட்டோவையும் ஏரியா சபைக் கூட்டத்தில் தீர்மானமாகப் பதியவைத்தால், அடுத்த முறை அந்த ரோட்டுக்கு டெண்டர் வரும்போது காட்ட ஒரு காகிதம் இருக்கும். புதிதாகத் தார் போடப் போகிற ரோட்டைக் குறிவையுங்கள். கோடு எப்படியும் போடத்தான் போகிறார்கள், இடம் மாற்றிப் போடச் செலவில்லை.

கூடவே அந்தப் பள்ளியிலேயே ஒரு ரிப்பேர் நாள். விலையில்லா சைக்கிளில் பல, சின்னக் கோளாறோடு வீட்டுத் திண்ணையில் சாய்ந்து கிடக்கும்: தேய்ந்த பிரேக் கட்டை, விறைத்த செயின், கோட்டம் விழுந்த வீல், வால் டியூப் போனது. நூறு சைக்கிளுக்கு பிரேக் கட்டை 100 செட், டியூப் 30, வால் டியூப் ஒரு பெட்டி, போக்ஸ் கம்பி 100, செயின் 10, ஆயில் 2 லிட்டர், பஞ்சர் ஒட்டும் சாமான் என்று வாங்கி வையுங்கள். கோட்டம் எடுக்கத் தெரிந்த இரண்டு மெக்கானிக்குகளை அன்றைக்குச் சம்பளத்துக்கே கூப்பிடுங்கள். இலவசமாக வரச் சொன்னால் மத்தியானத்தோடு கிளம்பிவிடுவார்கள். உயரம் பத்தாத பிள்ளைக்கு சீட்டை இறக்க 13 நம்பர் ஸ்பேனர் ஒன்று எப்போதும் வாட்ச்மேன் அறையில் தொங்கட்டும்.